அந்த மூன்று கேள்விகளைத் திருப்பித் தாருங்கள்

பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், காயத் தடுப்புக் கூட்டுக் குழுவில் காவல், சாலை, கல்வி, தீயணைப்புத் துறைகளின் சார்பில் இருப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உங்கள் சுற்றறிக்கை வந்தது. பதிவுப் படிவத்தை எளிமையாக்குகிறோம் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அடிபட்டு வருகிறவர்களிடம் நாங்கள் இதுவரை மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவந்தோம். எங்கே அடிபட்டது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எதனால் அடிபட்டது? இந்த மூன்றும் இனி வேண்டாம், அந்த இடத்தில் ‘விபத்து: ஆம் / இல்லை’ என்று ஒரே ஒரு கட்டம் போதும் என்பது உங்கள் முடிவு. அதே தாளின் கடைசியில், மாதந்தோறும் கூடிவந்த கூட்டுக் குழு இனிமேல் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் என்றும் ஒரு வரி இருந்தது.

நான் அந்தப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கும் செவிலியர். இந்த முடிவை வாயை மூடிக்கொண்டு ஏற்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், 71 வயது அம்மா ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அவர் ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதன் வார் அறுந்திருந்தது. வலியில் முகம் வெளுத்துப் போயிருந்தாலும் என்னைப் பார்த்து, “நான்தான் பார்த்து நடந்திருக்கணும், கண்ணு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அருகில் நின்ற மகனும், “செருப்பை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்றார். ஆக, அம்மாவின் கவனக்குறைவு, பழைய செருப்பு என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு ஆகிவிட்டது. நான் வழக்கம்போல ரெஜிஸ்டரில் எழுதினேன்: பொது அலுவலகம், பின்வாசல் படி, இறங்கும்போது.

மாதக் கடைசியில் உங்கள் குழுவுக்குக் கணக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. ஒரு நைட் ட்யூட்டியில், கூட்டம் ஓய்ந்த பிறகு, நான்கு மாத ரெஜிஸ்டரையும் விரித்துவைத்துப் புரட்டினேன். ‘பின்வாசல் படி’ என்ற அதே இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஓரிடத்தில் என் கையெழுத்து, இன்னோரிடத்தில் காலை ட்யூட்டிக்காரருடையது, வேறு இரண்டு இடங்களில் விடுப்புக்கு மாற்றாக வந்தவருடையது. எண்ணிப் பார்த்தால் 11 பேர். மணிக்கட்டு, கணுக்கால், நெற்றித் தையல், அப்புறம் அந்த இடுப்பு. எங்களில் யாரும் இரண்டு மூன்று பேருக்கு மேல் பார்த்ததில்லை. அவரவர் ட்யூட்டியில் வந்தவருக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறோம். பதினொன்றையும் ஒன்றாகப் பார்த்தது அந்த ரெஜிஸ்டர் மட்டும்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினேன். சாலைத் துறையிலிருந்து வந்திருந்த பொறியாளர் அன்று மதியமே அளவு நாடாவோடு போனார். மற்றப் படிகள் எல்லாம் 15 சென்டிமீட்டர் உயரம். கீழிருந்து இரண்டாவது படி மட்டும் 19. எப்போதோ தரை பெயர்ந்து பழுது பார்த்தபோது அப்படி ஆகியிருக்கிறது. படியில் இறங்கும்போது நாம் ஒவ்வொரு படியையும் பார்த்து இறங்குவதில்லை. முதல் இரண்டு படிகளிலேயே கால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. நடுவில் ஒரு படி மாறினால் கால் காற்றில் இறங்கும். இளவயதுக்காரர் தடுமாறிச் சமாளித்துவிடுவார். 71 வயதில் சமாளிக்க முடியாது. பிடித்துக்கொள்ள அங்கே கைப்பிடியும் இல்லை.

படியைச் சரிசெய்து, விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்க மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு சென்ற மாதம்வரை அந்தப் பின்வாசலிலிருந்து எங்களிடம் ஒருவர்கூட வரவில்லை. நீங்கள் எடுத்துவிடச் சொன்னது இதைக் கண்டுபிடித்துக் கொடுத்த கேள்விகளைத்தான். புதிய படிவம் அன்றைக்கு இருந்திருந்தால் பதினொரு ‘ஆம்’ மட்டும் இருந்திருக்கும். பன்னிரண்டாவது ‘ஆம்’ எந்தப் படியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த அம்மா அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்கவில்லை. தையல் பிரிக்க வந்தபோது படியைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ என் தப்பு இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

‘விபத்து’ என்ற சொல்லே எனக்கு இப்போது உறுத்துகிறது. போதாத காலம், தலையில் எழுதியது, யார் என்ன செய்ய முடியும் என்ற எண்ணத்தை அது கூடவே கொண்டுவருகிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-லேயே அந்தச் சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்ப்பதென்று முடிவு செய்தது. காயங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே கணிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை என்பதுதான் அதற்கு அவர்கள் சொன்ன காரணம். நீங்களோ மூன்று கேள்விகளை அழித்துவிட்டு அதே சொல்லைப் படிவத்தில் ஏற்றியிருக்கிறீர்கள்.

காயம் ஒரு சின்ன விஷயம் என்று நினைத்து நீங்கள் இதைச் செய்திருக்க முடியாது, உங்களுக்குத் தெரிந்த எண்கள்தான் இவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் பேர் காயங்களால் இறக்கிறார்கள். உலகின் மொத்த இறப்பில் இது ஏறத்தாழ 8 சதவீதம். சாலையில் மட்டும் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். கீழே விழுந்து இறப்பவர்கள் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர், அவர்களில் வயதானவர்களே அதிகம். 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் ஐந்து காரணங்களை எடுத்தால், அவற்றில் மூன்று காய வகையைச் சேர்ந்தவை. இறக்காமல் பிழைத்து, வேலையை இழந்து, நடையை இழந்து வீட்டோடு கிடப்பவர்கள் இதைவிடப் பல மடங்கு. ஒரு தொற்றுநோய் இத்தனை பேரைக் கொன்றால், எந்தத் தெருவில் வந்தது, எந்தக் குழாயில் வந்தது என்று கேட்பதை நிறுத்தச் சொல்லி யாராவது சுற்றறிக்கை அனுப்புவார்களா?

காயத்தையும் நோயைப் போலவே ஆராய வேண்டும் என்பது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1949-லேயே ஜான் கார்டன் என்ற தொற்றுநோயியல் அறிஞர், காயமும் நோயைப் போலவே ஆள், காரணி, சூழல் மூன்றும் சேருமிடத்தில் உண்டாகிறது என்று எழுதினார். அதற்கு முன்னால் ஹியூ டி ஹேவன். முதல் உலகப் போரின்போது விமானப் பயிற்சியில் மோதி விழுந்து பிழைத்தவர். தான் எப்படிப் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. 50 அடியிலிருந்து 150 அடி உயரம் வரை விழுந்தும் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, எதன்மேல் விழுந்தார்கள், உடம்பின் எந்தப் பக்கம் பட்டது என்று கேட்டு எழுதி 1942-ல் வெளியிட்டார். அவர் கேட்டதும் ‘எங்கே, எப்படி, எதனால்’ என்ற அதே கேள்விகள்தான். விழும்போது தாக்கும் விசை உடம்பில் எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்து உயிர் தப்பலாம் என்று அதிலிருந்து கண்டார். பிற்காலத்தில் வாகனத்துக்குள் இருப்பவரைக் காப்பாற்றும் வடிவமைப்புகளுக்கு அந்த வேலை வழி காட்டியது.

வில்லியம் ஹேடன் ஒரு மருத்துவர். 1966-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக வந்தார். அவர் போட்டுக்கொடுத்த அட்டவணை உங்கள் குழுவின் பழைய அறை ஒன்றில் இன்னமும் சுவரில் ஒட்டியிருக்கிறது. காயத்துக்கு முன், காயம் நேரும் கணம், காயத்துக்குப் பின் என்று ஒரு பக்கம். ஆள், பொருள், சூழல் என்று இன்னொரு பக்கம். கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனால், ‘ஆள் கவனமாக இருந்திருக்கலாம்’ என்பது அத்தனை கட்டங்களில் ஒன்றில் மட்டும்தான் வரும். மற்றக் கட்டங்களில் எல்லாம் வேறு யாரோ செய்திருக்க வேண்டிய வேலை இருக்கும். அந்த அட்டவணையை நிரப்பத் தேவையான விவரத்தைத்தான் எங்கள் டிரெஸ்ஸிங் அறையில் சேகரித்தோம்.

மாதக் கூட்டம் ஏன் வேண்டும் என்பதற்குப் பள்ளிக்கூடச் சாலையை நினைவுபடுத்துகிறேன். உங்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். ஒரே பள்ளிக்கு வெளியே ஓராண்டில் எத்தனை குழந்தைகள் அடிபட்டார்கள் என்று கேட்டபோது காவல்துறைப் பட்டியலில் இரண்டு என்று இருந்தது. எங்கள் ரெஜிஸ்டரில் 17. இரண்டுமே பொய்க் கணக்கு இல்லை. முழங்கால் சிராய்த்த குழந்தையையும், கை எலும்பில் விரிசல் விழுந்த குழந்தையையும் பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவருவது மருத்துவமனைக்குத்தான். காவல் நிலையத்துக்குப் போக அவர்களுக்குத் தோன்றாது, போக நேரமும் இருக்காது.

இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் பேச்சு உருப்படியாகத் தொடங்கியது. சாலைத் துறை வரைந்திருந்த வெள்ளைக்கோடு ஓரிடத்தில் இருந்தது, குழந்தைகள் சாலையைக் கடந்தது வேறிடத்தில். பள்ளியின் பக்கவாட்டு கேட் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததுதான் காரணம் என்பதைக் கல்வித் துறைக்காரர் சொன்னார். அதைத் திறந்துவிட்டால் பாதிக் குழந்தைகள் பெரிய சாலைக்கே வர வேண்டியதில்லை. ஒரு பூட்டு, ஒரு சாவி, அவ்வளவுதான். சாலைத் துறை கோட்டை இடம் மாற்றி, முன்னாலும் பின்னாலும் வேகத்தடை போட்டது. விடும் நேரத்தில் காவலர் ஒருவர் நின்றார். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் மோதல்களின் அபாயம் சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அன்று எடுத்துச் சொன்னவர் உங்கள் துறையைச் சேர்ந்தவர்தான். அடுத்த ஆண்டு 17 என்பது 3 ஆனது.

கேட் பூட்டிக் கிடப்பது எங்களுக்குத் தெரியாது. குழந்தைகள் அடிபடுவது கல்வித் துறைக்குத் தெரியாது. இரண்டும் தெரியாமல் சாலைத் துறை கோடு போட்டுவைத்திருந்தது. ஒரே மேசையில் உட்காராமல் இது ஒருநாளும் தீர்ந்திருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்தால், ஒரு பூட்டைத் திறக்க ஓராண்டு ஆகும்.

இது எங்கள் ஊர் அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், அடிதடியில் காயப்பட்டுத் தன்னிடம் வருகிறவர்களில் பெரும் பகுதியினர் காவல்துறையின் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் பதிவு மேசையில் இருப்பவர்களே எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த ஆயுதத்தால் என்று கேட்டு எழுதினார்கள். பெயரை நீக்கிவிட்டு அந்த விவரம் காவல்துறைக்கும் நகர நிர்வாகத்துக்கும் போனது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில் காவல் வேண்டும் என்று அதை வைத்து மாற்றினார்கள். 2011-ல் வெளியான ஆய்வில், ஒத்த தன்மையுள்ள 14 நகரங்களோடு ஒப்பிட்டபோது, வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 42 சதவீதம் குறைந்திருந்தது. பதிவு மேசையில் கேட்ட சில கேள்விகளிலிருந்து தொடங்கிய வேலை அது.

நியூயார்க்கில் 1970-களின் தொடக்கத்தில் குழந்தைகள் மாடி ஜன்னல்களிலிருந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். நகரச் சுகாதாரத் துறை, மருத்துவமனைகளும் காவல் நிலையங்களும் ஒவ்வொரு விழுகையையும் தெரிவிக்கும்படி ஏற்பாடு செய்தது. செய்தி வந்த வீட்டுக்குப் பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் நேரில் போனார்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிராங்ஸ் பகுதியில் 1973-க்கும் 1975-க்கும் இடையில் இப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976-ல் அதையே சட்டமாக்கினார்கள். ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தாய்மார்களுக்குப் புத்தி சொல்வதோடு நின்றிருந்தால் அந்தப் பாதிக் குழந்தைகளும் விழுந்திருப்பார்கள். பெற்ற எந்தத் தாயும் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் ஒரு நிமிஷம் அடுப்படிக்குத் திரும்பத்தான் செய்வாள்.

இப்போது இந்த மடலை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய படிவம் வந்த முதல் வாரத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று வெந்நீர்க் காயத்தோடு வந்தது. இரண்டு கால்களிலும், இடுப்புக்குக் கீழேயும். நான்தான் அன்று ட்யூட்டி. நனைந்த சட்டையைக் கத்தரித்து எடுக்கும்போது குழந்தை அழுவதைக்கூட நிறுத்திவிட்டது, உடம்பு மட்டும் நடுங்கியது. அதன் அம்மா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, “குளிப்பாட்டத்தான் குழாயைத் திறந்தேன் சிஸ்டர், கொதிக்கிற தண்ணியா வந்துச்சு” என்றார். அவர்கள் இருப்பது பல குடும்பங்கள் வசிக்கும் ஒரு குடியிருப்பு. அங்கே வெந்நீர் ஒரே பெரிய தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் போகிறது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க வீட்டில் எந்த ஏற்பாடும் கிடையாது.

இதை எங்கே எழுதுவது என்று படிவத்தைப் பார்த்தேன். இடம் இல்லை. ‘விபத்து: ஆம்’ என்று போட்டேன். அப்படிப் போட்டதற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

ஒன்பது நாள் கழித்து, இரண்டு வயதுப் பெண் குழந்தை. அதுவும் வெந்நீர்தான். அன்று வேறொரு செவிலியர் ட்யூட்டியில் இருந்தார், அவரும் ‘ஆம்’ என்று போட்டார். இரண்டு குழந்தைகளும் ஒரே குடியிருப்பு என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு அம்மாக்களும் பேசிக்கொண்டபோது தெரிந்தது. “நீங்களும் அங்கேதானா?” என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. மருந்து டிரேயைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பழைய படிவம் இருந்திருந்தால் இரண்டாவது குழந்தையை நிச்சயம் காப்பாற்றியிருப்போம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்பது நாளில் எதுவும் நடந்திருக்காமலும் போகலாம். ஆனால் ‘குடியிருப்பு, பொதுத் தொட்டி வெந்நீர்’ என்று எழுதியிருந்தால் அன்று மாலையே குழுவின் தொடர்பு ஆளுக்குப் போன் போயிருக்கும். அந்தப் போனுக்கு மறுமுனையில் இப்போது ஆள் இல்லை. நானே அந்தக் குடியிருப்பின் நிர்வாகத்தை அழைத்தேன். ஒரு சின்ன விபத்தை ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று கேட்டு வைத்துவிட்டார்கள். ஒரு செவிலியர் சொன்னால் அவர்கள் கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஐந்து துறைகள் சேர்ந்த குழு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பெரியவரின் தோலையே சுமார் 5 வினாடியில் ஆழமாகப் பொசுக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். அதே தண்ணீர் 49 டிகிரியில் இருந்தால் அப்படிப் பொசுங்கப் பல நிமிஷம் ஆகும். கையை இழுத்துக்கொள்ளவும், குழந்தையைத் தூக்கவும் அந்த நேரம் போதும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1983-லேயே, புதிய வெந்நீர்த் தொட்டிகளை 49 டிகிரியில் வைத்தே கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஒரு திருகைத் திருப்பினால் முடிகிற காரியம். அந்தத் திருகு இருக்கும் இடத்துக்குப் போய் நிற்க அதிகாரம் உள்ள ஒருவர்தான் எங்களுக்கு வேண்டும்.

நீங்கள் சொன்ன காரணங்களையும் பார்த்துவிடுகிறேன். நேரம் மிச்சமாகும் என்கிறீர்கள். அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எங்களுடையது, அது எங்களுக்குச் சுமையாக இருக்கிறதா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. ஓர் இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆகும் வார்டு நாள்களைக் கணக்குப் போட்டால் எத்தனை ஆயிரம் நிமிஷம் என்று நீங்களே பாருங்கள்.

தனிமனித விவரம் வெளியே போய்விடும் என்பது இன்னொரு காரணம். இது நியாயமான கவலை, எனக்கும் உண்டு. வீட்டுக்குள் கணவனிடம் அடிவாங்கி வருகிற பெண் எங்களிடம் சொல்வது எங்களோடு இருக்க வேண்டும். அதனால்தான் நாங்கள் குழுவுக்குக் கொடுத்த தாளில் ஒருநாளும் பெயர் இருந்ததில்லை. இடம், நேரம், காரணம், வயது வரம்பு, இவை மட்டுமே. படியைச் சரிசெய்ய விழுந்தவரின் பெயர் தேவையில்லையே.

அப்புறம், விழிப்புணர்வு வாரம் தொடர்ந்து நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நடக்கட்டும். அதில் நானும் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். ஆனால் ‘கவனமாக இருங்கள்’ என்று ஒட்டிய சுவரொட்டிக்குக் கீழேயே உயரம் மாறிய படி இருந்தால், அந்தச் சுவரொட்டி விழுந்தவரைக் குற்றவாளி ஆக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. 1997-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் சாலையில் சாவும் கடுங்காயமும் ‘பூஜ்ஜியம்’ ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தபோது எடுத்துக்கொண்ட அடிப்படை, மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு அவர் உயிரை விலையாகக் கேட்காதபடி சாலையை அமைப்பது அமைப்பவரின் பொறுப்பு என்பது. படிக்கும், குழாய்க்கும், ஜன்னலுக்கும் இதே அடிப்படை பொருந்தும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

மூன்று கேள்விகளையும் ஒரு மாதத்துக்குள் படிவத்தில் திரும்பச் சேருங்கள். தேர்ந்தெடுக்கும் பட்டியலாக மட்டும் வைக்காமல், சொந்தச் சொல்லில் எழுத ஒரு வரி இடம் கொடுங்கள். ‘பின்வாசல் படி’ என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. எப்படிக் கேட்பது, எப்படிச் சுருக்கி எழுதுவது என்று பதிவு மேசையில் இருப்பவர்களுக்கு நாங்களே சொல்லித்தருகிறோம்.

கூட்டுக் குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். குழுவின் சார்பில் எந்த நாளும் போனை எடுக்க ஒருவரை, பெயர் சொல்லி, பொறுப்பாக நியமியுங்கள். மருத்துவமனை சுட்டிக்காட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும்: எந்தத் துறை, என்ன செய்யும், எப்போது முடிக்கும். செய்ய முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

பெயர் நீக்கிய விவரத்தை மருத்துவமனையும், காவலும், தீயணைப்பும், பள்ளிகளும் பகிர்ந்துகொள்வதற்கான விதிமுறையை எழுத்தில் கொண்டுவாருங்கள். இதுவரை அது நல்லெண்ணத்தின் பேரில்தான் நடந்தது. நல்லெண்ணம் உள்ள ஒருவர் மாற்றலாகிப் போனால் எல்லாமே நின்றுவிடுகிறது. குழுவில் டிரெஸ்ஸிங் அறையிலிருந்து ஒருவருக்கும், காயப்பட்டு மீண்டவர்களில் ஒருவருக்கும் இடம் வேண்டும். வாக்கரோடு வந்து உட்காரத் தயாராக இருக்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் கோப்பு நகர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுக்கு எந்தக் கோப்பும் தேவையில்லை. அந்தக் குடியிருப்பின் வெந்நீர்த் தொட்டியைப் பார்க்க, ஒரு வெப்பமானியோடு, இந்த வாரமே ஒருவரை அனுப்புங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடுகள் அங்கே இன்னும் பல இருப்பதாக அந்த இரண்டு அம்மாக்களும் சொன்னார்கள். இடம் எது என்று படிவத்தில் தேடாதீர்கள், அதில் இருக்காது. என் பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். காலை ட்யூட்டி எட்டு மணிக்கு, அழைத்தால் கூடவே வருகிறேன்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்